சைலன்சரை மாற்றும் முன் இன்ஜின் பக்கம் காது கொடுங்கள்

போன வாரம் சங்ககிரியிலிருந்து ஒரு பத்து சக்கர லாரி பட்டறைக்கு வந்தது. எட்டு மாதத்தில் மூன்று சைலன்சர் மாற்றியிருக்கிறார்கள். "சத்தம் மட்டும் போகவே மாட்டேங்குதுங்ண்ணா, நாலாவதா கம்பெனி சைலன்சரே வாங்கிப் போட்டுடலாமுங்களா?" என்று ஓனர் கேட்டார். வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்தி வைக்கச் சொல்லி, காலையில் இன்ஜின் சில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்தேன். மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்த்து வெளியே அனுப்பும் குழாய்) பக்கம் டிக் டிக் என்று தெளிவாகக் கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால், ஆறாவது சிலிண்டரின் புகை வெளியேறும் வாயான போர்ட்டை ஒட்டி இன்ஜின் ஹெட்டில் விசிறி விரித்த மாதிரி கரி படிந்திருக்கிறது. மேனிஃபோல்டை இறுக்கிப் பிடிக்கும் திருகுகளில், அதாவது ஸ்டட்டுகளில், ஒன்று ஹெட்டோடு ஒட்ட முறிந்து போயிருந்தது. பக்கத்து ஸ்டட்டின் நட்டு விரலாலேயே சுற்ற வந்தது. இரண்டு ஸ்டட், ஒரு கேஸ்கட், அவ்வளவுதான் வேலை. இந்த மாதத்தில் இப்படி வந்த நான்காவது வண்டி இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

புகை பின்னால் போகிறது, சத்தமும் பின்னால் கேட்கிறது, ஆகவே கோளாறும் பின்னால்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சைலன்சரில் ஓடுகிற பாகம் ஒன்றுகூடக் கிடையாது. அது தானாக எந்தச் சத்தத்தையும் உண்டாக்குவதில்லை, வருகிற சத்தத்தைக் குறைத்து அனுப்புகிறது. மேனிஃபோல்டிலோ, டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் கருவி) வாயிலோ, அதற்குப் பின்னால் இருக்கிற, வளைந்து கொடுக்கும் பெல்லோஸ் குழாயிலோ வெடிப்பு இருந்தால், அங்கே கசிகிற காற்று சைலன்சருக்குப் போய்ச் சேரவே இல்லை. போய்ச் சேராத காற்றின் சத்தத்தை எத்தனை புது சைலன்சர் போட்டாலும் எப்படிக் குறைக்கும்? சேஸி முழுக்க இரும்பு. முன்னால் எழும் சத்தம் அதில் ஏறி எங்கே வேண்டுமானாலும் கேட்கும். டிரைவர் சீட்டில் இருந்து கேட்டுவிட்டு இடம் சொல்லாதீர்கள். சைலன்சர் கெடுவது பெரும்பாலும் மூன்று விதம்தான்: துருப்பிடித்து ஓட்டை விழும், உள்ளே தகடு கழன்று ஆடும், கிளாம்ப் தளரும். இன்ஜின் ஆறியதும் ரப்பர் சுத்தியலால் நாலு தட்டு தட்டினாலே தெரிந்துவிடும். அது எதுவும் இல்லையென்றால் சைலன்சரை விட்டுவிடுங்கள்.

"அரை மணி ஓடினா சத்தம் தானா சரியாயிடுது" என்று டிரைவர் சொன்னால் எனக்குப் பாதி வேலை முடிந்தது. சூட்டில் மேனிஃபோல்டு விரிந்து இடைவெளியை அடைக்கிறது. ஆறியதும் மறுபடி திறக்கும். அந்த வண்டி நிம்மதியாக ஓட்ட வேண்டிய வண்டியில்லை. சீக்கிரம் கழற்றிப் பார்க்க வேண்டிய வண்டி. டர்போவுக்கு முன்னால் கசிந்தால் டர்போவுக்குத் தள்ளுவிசை குறையும், ஏற்றத்தில் கரும்புகை தள்ளும், மைலேஜ் விழும். ஓனர் டீசல் சரியில்லை என்று பங்க் பங்காக மாற்றிக்கொண்டிருப்பார். முழு லோடில் அந்த இடத்துக் காற்று 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பக்கத்தில் ஒயரிங்கும் ஆயில் படிந்த இன்ஜினும் இருக்கின்றன. வைக்கோல், பஞ்சு ஏற்றுகிற வண்டிகளை நினைத்தால் எனக்குப் பயமாகவே இருக்கிறது.

இதே டிக் டிக்கை டேப்பட் (இன்ஜின் வால்வைத் தள்ளும் பாகம்) சத்தம் என்று நினைத்து, நன்றாக இருக்கிற டேப்பட்டைத் திருகி வைக்கிறவர்களும் உண்டு. ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த, லோடு ஏற ஏற, சத்தம் பலமாகிறதா என்று முதலில் பாருங்கள். கசிவு அப்படித்தான் பேசும்.

அப்புறம் இந்த "ஊம்ம்ம்" என்ற முழக்கம். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் கேபின் முழுக்க அதிரும், தாண்டினால் அடங்கிவிடும். ஆறு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு மூன்று முறை வெடிக்கிறது. 1,400 ஆர்பிஎம்மில் நொடிக்கு 70 துடிப்பு. புகைக்குழாயோ பிராக்கெட்டோ அதே 70-இல் ஆடக்கூடியதாக இருந்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். அதைத் தடுக்கத்தான் மவுண்டிங் ரப்பர் வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு வண்டியில் சைலன்சர் ரப்பர் அறுந்ததும், வழியில் யாரோ பட்டை இரும்பை வைத்து சேஸியோடு சேர்த்து வெல்டிங் அடித்துவிட்டிருந்தார்கள். அன்று முதல் கேபினில் உட்கார முடியவில்லை. பட்டையை அறுத்துவிட்டு ரப்பர் மாட்டினேன், அடங்கிவிட்டது.

முழக்கம் வந்தால் வண்டியை ஓரம் கட்டி, நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். நின்ற இடத்திலேயே அதே ஆர்பிஎம்மில் வந்தால் இன்ஜின், மவுண்டிங், புகைக்குழாய். எந்த கியரில் போனாலும் 50 கிலோமீட்டர் வேகத்தில்தான் வருகிறது என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்ட், சென்டர் பேரிங், டயர் பக்கம் போங்கள். சாலையில் லோடோடு மட்டும் வந்தால் டர்போ, ஏர் குழாய்களைப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை இது. யாருமே செய்வதில்லை.

ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் இன்ஜின் ஓடும்போது, சீரான சத்தத்துக்கு நடுவே "டுப், டுப்" என்று ஒன்று தவறினால் ஒரு சிலிண்டர் எரியவில்லை என்று அர்த்தம். 600 ஆர்பிஎம்மில் நொடிக்கு ஐந்து முறை தவறும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் தொடாமலே சூட்டை அளக்கும் வெப்பமானித் துப்பாக்கியால் ஒவ்வொரு போர்ட்டாகப் பாருங்கள், சூடேறாமல் நிற்பது எது என்று காட்டிவிடும். பழைய பம்ப் வண்டிகளில் நாங்கள் இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திக் கண்டுபிடிப்போம். அந்தப் பழக்கத்தில் காமன் ரயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து மிக அதிக அழுத்தத்தில் டீசல் போகிற) வண்டியில் கை வைக்காதீர்கள்! அதில் டீசல் அழுத்தம் லோடில் 1,000 பாரைத் (பார் என்பது அழுத்த அளவு) தாண்டும், ஐடிலிலேயே பல நூறு பார் இருக்கும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், விரலே போகலாம். ஸ்கேனரில் சிலிண்டரை ஆஃப் செய்து பார்க்கிற வசதி இருக்கிறது.

தொப்பூர் இறக்கம் முடிந்த பிறகு வண்டி இழுக்கவில்லை, புஸ்ஸென்று சத்தம் வருகிறது என்றால் எக்ஸாஸ்ட் பிரேக் (இறக்கத்தில் புகை வழியை அடைத்து வேகத்தைக் குறைப்பது) வால்வு கரி பிடித்துப் பாதியில் நிற்கிறதா என்று பாருங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. பின்னால் இருக்கிற பெரிய பெட்டி வெறும் சைலன்சர் கிடையாது, புகையை வடிகட்டுகிற கருவிகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. வடிகட்டி தன் கரியைத் தானே எரிக்கும்போது ஐடில் ஏறும், சத்தம் மாறும். அது கோளாறு ஆகாது. அந்த நேரத்தில் காய்ந்த புல்லின் மேல் மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள். பெட்டியை அறுத்து உள்ளே காலி செய்யச் சொல்லி என்னிடம் வராதீர்கள், செய்ய மாட்டேன். எங்கே வெல்டிங் அடித்தாலும் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள்.

டிரைவர் தம்பிகளிடம் ஒரு வேண்டுகோள். சத்தம் புதிதாகத் தெரிந்த மறுநாள் காலையில், முதல் ஸ்டார்ட்டின்போதே இன்ஜின் பக்கம் செல்போனைப் பிடித்து ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். புகைக்குழாய் வாயருகே பிடிக்க வேண்டாம். எந்த ஆர்பிஎம், லோடு இருந்ததா, ஏற்றமா சமதளமா என்று வாயாலேயே சொல்லி அதிலேயே பதிந்து மெக்கானிக்குக்கு அனுப்புங்கள். சங்ககிரி லாரி டிரைவர் முதல் சைலன்சர் மாற்றும் முன்பே இதைச் செய்திருந்தால் அன்றைக்கே ஸ்டட்டைக் கழற்றச் சொல்லியிருப்பேன்.