எழுத்துக்கு முன்னால் காது

போன மாதம் ஓர் அம்மா தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு, ஆங்கில வழி. "ஒரு வருஷமா ஃபோனிக்ஸ் கிளாஸ் போறான் மிஸ், எதைக் கொடுத்தாலும் படிச்சிடறான், ஆனா கேள்வி கேட்டா முழிக்கிறான்" என்றார். ஃபோனிக்ஸ் என்பது எழுத்துகளின் ஒலியைக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் முறை. மேசையில் கிடந்த படப் புத்தகத்தைக் கொடுத்தேன். 'பாண்ட்' (pond) என்ற சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்து, கூட்டி, சரியாகவே படித்தான். அப்படின்னா என்னப்பா என்றேன். தெரியவில்லை. சரி, குளம்னா என்ன? அதுவும் தெரியவில்லை. தாமரை பூத்த குளத்தின் படத்தைக் காட்டியதும் 'வாட்டர்' என்றான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இப்படிப்பட்ட பிள்ளைகளை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். எழுத்தை ஒலியாக மாற்றத் தெரிகிறது, அந்த ஒலி போய்ச் சேர உள்ளே ஒரு சொல் இல்லை. 1986இல் காஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதினார்கள்: எழுத்தைக் கூட்டிப் படிக்கும் திறன் ஒரு பக்கம், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொரு பக்கம், இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. பெருக்கல் என்பதால் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்தான்.

முதலில் ஒலியைப் பற்றிச் சொல்கிறேன். எழுத்தைக் காட்டுவதற்கு முன்பே பிள்ளையின் காது தயாராக வேண்டும். பல், பந்து, பட்டம் மூன்றும் ஒரே மாதிரி தொடங்குகின்றன, படம், குடம், வடம் மூன்றும் ஒரே மாதிரி முடிகின்றன என்பது காதில் விழ வேண்டும். கல் என்பதை இழுத்தால் கால், விடு என்பதை இழுத்தால் வீடு, இதையெல்லாம் பஸ்ஸில் போகும்போதே விளையாட்டாகச் செய்யலாம், பென்சில் வேண்டாம். மூன்று வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்து எழுத வைக்கும் நேரத்தை இதற்குக் கொடுங்கள் என்று வருகிற பெற்றோரிடமெல்லாம் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

ஆங்கில ஒலிகளைச் சொல்லிக்கொடுக்கும்போது நம் வீடுகளில் இரண்டு சிக்கல் வரும். தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை, அதனால் நாம் பஸ்ஸு, கப்பு, பேட்டு என்று கடைசியில் ஓர் உகரத்தைப் போட்டுத்தான் பேசுகிறோம். பிள்ளையும் ஒவ்வொரு எழுத்துக்கும் 'பு', 'டு' என்று உகரத்தோடு ஒலி சொல்லப் பழகினால் கூட்டிப் படிக்கும்போது சொல் உடைந்துவிடும். அந்த ஒலியைச் சுருக்கமாக, வாலில்லாமல் சொல்லிக் காட்ட வேண்டியது நாம்தான். இரண்டாவது, தமிழில் பல் என்பதிலும் கம்பு என்பதிலும் ஒரே 'ப' தான், ஒலி வேறாக இருந்தாலும் இடத்தை வைத்துப் பிள்ளை தானாகவே மாற்றிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அந்த வேறுபாடே பொருளை மாற்றிவிடும். குண்டூசிக்கும் குப்பைத்தொட்டிக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதிப் பாருங்கள், இரண்டுமே 'பின்'. இதைக் குழப்பிக்கொள்கிற பிள்ளையை உடனே டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்புக் குறைபாடு, என்று சொல்லிவிடாதீர்கள். தொண்டையில் கை வைத்து அதிர்வை உணரச் செய்தால் பல பிள்ளைகளுக்கு அந்த வேறுபாடு பிடிபடத் தொடங்கிவிடும்.

தமிழிலும் ஒரு முடிச்சு உண்டு. 'செ' என்ற எழுத்தில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவது ச். அதனால் சில பிள்ளைகள் கொம்பை விட்டுவிட்டு 'செடி'யை 'சடி' என்று படிக்கும். திட்டினால் சரியாகாது. ச், எ இரண்டையும் தனித்தனி அட்டையில் எழுதி, சொல்லிக்கொண்டே நெருக்கி வைத்து, பிறகு 'செ' அட்டையைக் காட்டுவேன். நான் தொடங்குவது ட, ப, ம என்று நேர்கோடுகள் அதிகமுள்ள எழுத்துகளில், மூன்றே எழுத்தில் படம், மடம், பட்டம் என்று சொல் கிடைத்துவிடும். 247 எழுத்தையும் வரிசையாக முடித்த பிறகுதான் சொல் என்று காத்திருந்தால் பிள்ளைக்குச் சலித்துவிடும்.

அப்புறம் சொல்வளம். இதற்கு நான் பெற்றோரை அனுப்புவது அடுக்களைக்குத்தான். கீரையை ஆய்கிறோம், முருங்கைக்கீரையை உருவுகிறோம், பூண்டை உரிக்கிறோம், கத்தரிக்காயை நறுக்குகிறோம், கேரட்டைச் சீவுகிறோம், தேங்காயைத் துருவுகிறோம், கொத்தமல்லியைக் கிள்ளிப் போடுகிறோம். இத்தனை வேலைக்கும் இப்போது பல வீடுகளில் 'கட் பண்ணு', 'கிளீன் பண்ணு' இரண்டே சொல்தான். ஏழு சொல் கேட்டு வளர வேண்டிய பிள்ளைக்கு இரண்டு கிடைக்கிறது. அந்தப் பையனின் அம்மாவிடம் தினமும் பதினைந்து நிமிடம் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, கையில் ஒரு வேலையைக் கொடுத்து, செய்கிறதைப் பேசிக்கொண்டே செய்யுங்கள் என்றேன். "இது என்ன?" என்று பரீட்சை வைக்க வேண்டாம். அவன் "ஆனியன்" என்றால் "ஆமா, வெங்காயம், உரிக்கும்போது கண்ணு எரியுதா?" என்று ஒரு படி நீட்டிச் சொன்னால் போதும். ஒரே சொல்லை வேறு வேறு இடத்தில் பலமுறை கேட்டால்தான் அது பிள்ளையின் சொல்லாகும்.

தமிழில் பேசினால் ஆங்கிலம் வராதே என்று அவரும் கேட்டார். குளம் என்றால் என்னவென்று தெரிந்த பிள்ளைக்கு 'பாண்ட்' என்பது ஒரு புதுப் பெயர் மட்டும்தான். தெரியாத பிள்ளைக்குப் பெயர், பொருள் இரண்டையுமே புதிதாகக் கற்க வேண்டிய பாரம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளைக்கும், அடிக்கடி சளி பிடித்து, கூப்பிட்டால் சில நாள் திரும்பி, சில நாள் திரும்பாமல் இருக்கும் பிள்ளைக்கும் முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். நடுக்காதில் நீர் தேங்கியிருந்தால் ஒலிகள் மங்கலாகவே விழும், பிறகு எந்த அட்டையைக் காட்டியும் பலனில்லை. பிள்ளைகளுக்கு வரும் இதுபோன்ற சிக்கல்களைத் தொடக்கத்திலேயே கவனிக்க அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன, கட்டணம் கிடையாது. பள்ளியில் சேரட்டும், தானாகப் பேசிடுவான் என்று பாட்டி சொன்னாலும், நீங்கள் ஒருமுறை போய்க் காட்டிவிட்டு வாருங்கள்.