விலை குறைந்த மாத்திரைக்குப் பவர் இல்லையென்று யார் சொன்னது?

மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனசு தாங்காமல்தான் இதை எழுதுகிறேன். நான் மருந்தாளுநர். போன வாரம் ஒரு பெரியவர் வந்தார். சர்க்கரைக்கு எம்பாக்ளிஃப்ளோசின், தினமும் காலையில் ஒன்று என்று டாக்டர் எழுதியிருக்கிறார். இவரோ முப்பது மாத்திரையை இரண்டு மாதத்துக்கு ஓட்டுகிறார், விலை கட்டுப்படியாகவில்லையாம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 9-ஐத் தாண்டி நிற்கிறது. அதே மருந்து இதில் கால்வாசி விலைக்கே கிடைக்கிறது ஐயா, டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாமே என்றேன். "விலை கம்மின்னா பவரும் கம்மியாத்தானேம்மா இருக்கும்" என்றார்.

பவர் குறைந்துவிடுமோ என்று விலை மலிவான மாத்திரைக்குப் பயப்படுகிறவர், விலை கூடிய மாத்திரையில் பாதியைத் தானாகவே நிறுத்தி வைத்திருக்கிறார். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் உடம்புக்குள் போவது பாதி மருந்துதான், அட்டையில் எவ்வளவு பெரிய கம்பெனி பெயர் இருந்தாலும்!

எங்கள் ஊர் இளைஞர்கள் சிலர் மருந்து விலையை ஒப்பிட்டுக் காட்டும் இணையதளம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார்கள். சீட்டில் உள்ள பெயரைத் தட்டினால் அதே மருந்து எந்தெந்தப் பெயரில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று காட்டும். அவர்களுக்குப் பட்டியலைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அவர்களுக்குச் சுலபமாக வருகிறது. விலையைப் பார்க்கிற மனுஷருக்கு அந்த மருந்தின்மேல் நம்பிக்கை வர வைப்பதுதான் கஷ்டம்.

எம்பாக்ளிஃப்ளோசினையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 மார்ச் வரை அதற்குக் காப்புரிமை இருந்தது, ஒரு மாத்திரை 60 ரூபாயை ஒட்டி விற்றது. காப்புரிமை முடிந்ததும் நம் நாட்டு நிறுவனங்கள் வரிசையாக இறங்கின, 10 ரூபாய்க்குக் கீழேகூட மாத்திரை வந்துவிட்டது. 2019 கடைசியில் வில்டாக்ளிப்டின், 2022-ல் சிட்டாக்ளிப்டின் என்ற சர்க்கரை மருந்துகளுக்கும் இதேதான் நடந்தது. ஒரே மாதத்தில் மருந்தின் பவரா குறைந்தது? ஒரு கம்பெனி மட்டுமே விற்கலாம் என்ற நிலைமை போயிற்று, அவ்வளவுதான். ஆனால் மூன்று வருஷத்துக்கு முந்தைய சீட்டையே நீட்டி மாதாமாதம் பழைய பிராண்டையே வாங்குகிறவர்களுக்கு இது தெரிவதே இல்லை, யாரும் சொல்வதும் இல்லை.

இன்னொன்று. காப்புரிமை இல்லாமல் பல நிறுவனங்களும் செய்து விற்கிற அதே மருந்துக்குப் பெயர்தான் ஜெனரிக். "எனக்கு ஜெனரிக் வேண்டாம், கம்பெனி மருந்து கொடுங்கள்" என்கிறார்கள். நம் நாட்டில் கம்பெனி மருந்து என்று நீங்கள் வாங்குவதில் பெரும்பாலானவை ஜெனரிக்தான், மேலே ஒரு பிராண்டுப் பெயர் போட்டிருக்கிறது. வீட்டில் இருக்கும் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் தயாரித்தவர் பெயர் ஒன்றும் விற்பவர் பெயர் இன்னொன்றும் பல அட்டைகளில் இருக்கும். ஒரே தொழிற்சாலை பல கம்பெனிகளுக்கு அதே மருந்தைச் செய்து கொடுக்கிறது. விலை ஏறுவது விளம்பரத்தாலும் விற்பனைப் பிரதிநிதிகளின் செலவாலும் கடைக்காரர் லாபத்தாலும். தரமே கெடாதா என்றால், கெடும். தரம் தேறாத மருந்துகளின் பட்டியலை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் வெளியிடுகிறது, அதில் சின்னக் கம்பெனியும் வரும், பெரிய கம்பெனியும் வரும். விலையை வைத்துத் தரத்தை அளக்க முடியாது என்பதற்கு அந்தப் பட்டியலே போதும். மத்திய அரசுத் திட்டத்தில் மலிவு விலைக்கு விற்கும் மக்கள் மருந்தகங்களுக்கு (ஜன் ஔஷதி) வரும் மருந்துகள் ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் கடைக்குப் போகின்றன. தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களும் பல ஊர்களில் இருக்கின்றன. தயவுசெய்து ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

இணையதளம் செய்யும் தம்பிகளோடு எனக்குச் சண்டை வருவது வேறு இடத்தில். மருந்தின் பெயர் ஒன்றானால் மாத்திரையும் ஒன்று என்று முதலில் பட்டியல் போட்டுவிட்டார்கள். பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் மெட்டோபுரோலால் என்று தேடினால், அதன் இரண்டு உப்பு வடிவங்களான சக்சினேட்டும் டார்ட்ரேட்டும் ஒரே வரிசையில், விலை குறைந்தது மேலே! முதலாவது பொதுவாக நாள் முழுக்க மெதுவாகக் கரையும் மாத்திரையாக வருகிறது, இரண்டாவதைச் சாதாரண மாத்திரையாக நாளுக்கு இரண்டு வேளை கொடுப்பார்கள். இதயம் பலவீனமானவருக்கு அதற்குப் பதில் இது என்று மாற்றிவிட முடியாது. ஆகவே மருந்து, அதன் உப்பு, மில்லிகிராம், கரையும் விதம், இந்த நான்கும் பொருந்தினால்தான் ஒரே வரிசையில் வரவேண்டும் என்று மாற்ற வைத்தேன்.

விலையையும் அட்டைக்கு இவ்வளவு என்று காட்டக் கூடாது. ஒரு கம்பெனி பத்து போடும், இன்னொன்று பதினைந்து போடும். மாத்திரை ஒன்றுக்கு என்ன விலை என்றுதான் காட்டவேண்டும். இன்சுலினில் இது இன்னும் மோசம். 10 மில்லி குப்பியில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், ஆக 400 யூனிட். பேனாவில் போடும் 3 மில்லி கார்ட்ரிட்ஜில் மில்லிக்கு 100 யூனிட், ஆக 300. மில்லி கணக்கில் ஒப்பிட்டால் விலையெல்லாம் தப்பாகத் தெரியும். யூனிட் கணக்குதான் சரி. அப்புறம், விலை பார்த்துக் குப்பியிலிருந்து கார்ட்ரிட்ஜுக்கோ, திரும்பக் குப்பிக்கோ நீங்களாக மாறவே மாறாதீர்கள். சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சில் 100 யூனிட் மருந்தை ஏற்றினால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். சர்க்கரை தடாலென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே வரவேண்டியது இலவசம். விலையே இல்லாததை விலைப் பட்டியலில் எப்படிப் போடுவது என்று தம்பிகள் விட்டுவிட்டிருந்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷருக்கும் சுகருக்கும் மருந்து சும்மாவே கிடைக்கிறது. 2021 ஆகஸ்ட்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் தருகிறார்கள். இருக்கும் பணத்தையெல்லாம் தனியார் மெடிக்கலில் கொடுத்துவிட்டு மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்துப் போடுகிறவர்கள் முதலில் அங்கே போய்ப் பெயரைப் பதியுங்கள்.

மருந்தை மாற்றுவதற்கு முன்னால் ஒன்று. எங்கள் தளத்தில் வரும் பெயரைக் கடையில் காட்டி "இதைக் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். சீட்டில் எழுதிய பிராண்டுக்குப் பதிலாக இன்னொன்றை நாங்களாகவே மாற்றித் தர, டாக்டர் சீட்டில் மட்டுமே விற்கவேண்டிய மருந்துகளில் சட்டம் இடம் கொடுக்கவில்லை. தேடலின் முடிவை ஒரு பக்கத்தில் அச்செடுக்கும் வசதி வைத்திருக்கிறோம், அதை டாக்டரிடம் நீட்டி "இந்த விலை எனக்கு முடியவில்லை, மருந்தின் பெயரிலேயே எழுதித் தருவீர்களா" என்று கேளுங்கள். இதைக் கேட்க ஏன் கூச்சப்படவேண்டும்? காசில்லாமல் நீங்கள் பாதி நாள் மருந்தை விடுகிறீர்கள் என்பது தெரியாமல், சர்க்கரை இறங்கவில்லையே என்று அவர் இன்னொரு மாத்திரையைச் சேர்த்து எழுதிக்கொண்டிருப்பார்.

வலிப்பு மருந்து, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் வார்ஃபாரின், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பிறகு போடும் மருந்து, இவற்றைச் சாப்பிடுகிறவர்கள் விலைக்காகக் கம்பெனியை மாற்றவேண்டாம். டாக்டர் மாற்றச் சொன்னால் அவர் சொல்லும் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். தைராய்டு மாத்திரையை மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் ஒருமுறை டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிடுங்கள். சர்க்கரைக்குக் கூட்டு மாத்திரை போடுகிறவர்கள் பெயருக்குப் பின்னால் வரும் 1, 2 என்ற எண்ணைக் கவனியுங்கள், பெரும்பாலும் அது, கூட்டில் இருக்கும் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை இறக்கும் மருந்தின் மில்லிகிராம் அளவு. 1 என்று போட்ட மாத்திரைக்குப் பதில் 2 என்று போட்டதைச் சாப்பிட்டால், சர்க்கரை அதிகம் இறங்கி மயங்கி விழவும் வாய்ப்புண்டு.

கடைசியாக, புது அட்டை வந்ததும் பழைய அட்டையை டப்பாவிலிருந்து எடுத்துவிடுங்கள். பெயரும் நிறமும் வேறாக இருப்பதால் இரண்டையும் சேர்த்தே போட்டு, பிரஷர் இறங்கித் தலைசுற்றலோடு வருகிறவர்கள் நிறையப் பேர். மாத்திரை எடுத்துத் தருவது மகளோ மருமகளோ என்றால் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் இரண்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் மருந்தாளுநரிடம் போய்க் கேளுங்கள், பார்த்துச் சொல்ல நாங்கள் காசு கேட்பதில்லை.