செய்தித்தாள் சமையல் புத்தகங்களைத் தூக்கிப் போடாதீர்கள்

அமெரிக்காவில் ஒரு நூலகத்தின் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். பெற்றோர் வீட்டைக் காலி செய்பவர்கள் எங்களுக்குப் புத்தகங்கள் கொண்டுவருவார்கள். தோல் அட்டை போட்ட இலக்கியத் தொகுப்புகள் பெட்டியில் அழகாக அடுக்கியிருக்கும். சமையல் புத்தகங்கள் இருந்தனவா என்று கேட்டால், "எல்லாம் எண்ணெய்க் கறை, குப்பையில் போட்டுவிட்டோம்" என்பார்கள். அந்த இலக்கியத் தொகுப்பு எந்த நூலகத்திலும் கிடைக்கும். உள்ளூர்ச் செய்தித்தாள் வெளியிட்ட மெல்லிய அட்டைச் சமையல் புத்தகம் அப்படிக் கிடைக்காது.

இவற்றை உருவாக்கியவர்கள் பத்திரிகைகளின் உணவுப் பக்க ஆசிரியர்கள், பெரும்பாலும் பெண்கள். நியூயார்க் டைம்ஸின் உணவு ஆசிரியர் என்றதும் பலருக்கு நினைவு வருவது கிரெய்க் கிளெய்போர்ன். 1961-ல் வந்த அவருடைய சமையல் குறிப்புத் தொகுப்பு அவ்வளவு புகழ் பெற்றது. ஆனால் 1942 முதல் 1957 வரை அந்த இடத்தில் இருந்தவர் ஜேன் நிக்கர்சன். போர்க்காலத் தட்டுப்பாட்டின் நடுவே வேலையைத் தொடங்கியவர் அவர். நியூயார்க் ஹெரால்ட் டிரிப்யூனின் கிளெமன்டைன் பேடில்ஃபோர்ட் இன்னொருவர். தொண்டைப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு குழாய் வழியாகவே மூச்சுவிட்டும் பேசியும் வந்தவர், சிறு விமானத்தைத் தானே ஓட்டி ஊர் ஊராகப் போய் வீட்டுச் சமையலைச் செய்தியாக்கினார். அந்த அலைச்சலின் பலன் 1960-ல் புத்தகமாக வந்தது. இதைச் செய்தியாளர் வேலை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

அட்டையில் இருக்கும் பெயரை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். சிகாகோ டிரிப்யூனின் "மேரி மீட்" உண்மையில் ரூத் எலன் சர்ச். 1936 முதல் 1974 வரை அங்கே உணவு ஆசிரியராக இருந்தவர். ஹர்ஸ்ட் குழுமப் பத்திரிகைகளின் "புரூடன்ஸ் பென்னி" ஒரே ஆள்கூட இல்லை. ஊருக்கு ஊர் வெவ்வேறு பெண்கள் அந்தப் பெயரில் எழுதினார்கள். பெயர் பத்திரிகையின் சொத்து. எழுதியவர் போனாலும் பெயர் அங்கேயே இருக்கும். அதனால் பட்டியலிடும்போது பத்திரிகை, ஊர், ஆண்டு மூன்றையும் சேர்த்தே குறிக்கிறோம். அப்போதுதான் உண்மையான ஆளைப் பின்னால் ஒருவராவது கண்டுபிடிக்க முடியும்.

புரூடன்ஸ் பென்னி பெயரில் 1943-ல் வந்த ஒரு புத்தகம், ரேஷன் கூப்பனை வைத்துக்கொண்டு எப்படிச் சமைப்பது என்று சொல்லிக்கொடுத்தது. அந்த ஆண்டு மார்ச்சில்தான் இறைச்சியும் வெண்ணெயும் ரேஷனுக்கு வந்தன. அக்காலப் பிரதிகளின் ஓரங்களில் சர்க்கரை அளவை அடித்துத் திருத்திய பென்சில் எழுத்து இருந்தால், அச்சிட்ட குறிப்பைவிட அதற்குத்தான் எங்களிடம் மதிப்பு அதிகம். தயவுசெய்து அழிக்காதீர்கள்.

உணவுப் பக்கங்கள் விளம்பரதாரர்களுக்கு அடங்கிப் போகின்றன என்று 1971-ல் செனட்டர் ஃபிராங்க் மாஸ் கடுமையாகச் சாடினார். மளிகை விளம்பரம்தான் அந்தப் பக்கங்களைத் தாங்கியது என்பதால் அதில் உண்மை இருந்தது. எல்லோரையும் ஒரே தராசில் வைத்ததுதான் அநியாயம். 1974-ல் உணவுச் செய்தியாளர்கள் தங்களுக்கென்று சங்கம் தொடங்கி, நடத்தை விதிகளும் வகுத்துக்கொண்டார்கள்.

இந்தக் குறிப்புகள் யாருக்கு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது நியூ ஆர்லியன்ஸ் கதை. 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பின் வந்த வெள்ளத்தில் வீடுகளோடு, பல ஆண்டுகளாகக் கத்தரித்துச் சேர்த்த சமையல் குறிப்புகளும் போயின. வாசகர்கள் அந்த ஊர்ச் செய்தித்தாளான டைம்ஸ்-பிக்கயூனுக்கு எழுதி அவற்றைத் திரும்பக் கேட்டார்கள். உணவு ஆசிரியர் ஜூடி வாக்கர் அவற்றைத் தேடித் தேடி வெளியிட்டார். பிறகு உணவு எழுத்தாளர் மார்செல் பியென்வெனுவோடு சேர்ந்து 2008-ல் புத்தகமாக்கினார்.

சரி, வீட்டில் இருப்பதை எப்படிக் காப்பது? செய்தித்தாள் காகிதத்தில் லிக்னின் என்ற மரப்பொருள் அப்படியே இருக்கும். அதனால் அது மஞ்சளாகி நொறுங்குகிறது. வெளிப்படும் அமிலம் பக்கத்துத் தாளிலும் பழுப்புக் கறையாக இறங்குகிறது. புத்தகத்துக்குள் செருகிய துண்டு எந்தப் பக்கத்தில் இருந்தது என்று எழுதிக்கொண்டு, தனியே பாலியெஸ்டர் உறையில் போடுங்கள். அமிலமற்ற தாளில் ஒரு நகலும் எடுங்கள். துண்டின் பின்பக்கத்தையும் சேர்த்து நகலெடுக்க வேண்டும், பல நேரங்களில் தேதிக்கான துப்பு அங்கேதான் கிடைக்கும். செலோ டேப் வேண்டாம், அதன் பசை கசிந்து எழுத்தையே கெடுத்துவிடும். லேமினேஷன் கூடவே கூடாது. செய்தால் திரும்ப எடுக்க முடியாது.

அப்புறம், பழைய புத்தகத்தைப் பார்த்துக் காய்கறி, இறைச்சியைப் பாட்டிலில் அடைத்துப் பதப்படுத்தாதீர்கள். பாட்யூலிசம் என்ற உயிருக்கே ஆபத்தான உணவு நச்சு நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் கொதிநீரில் சாகாது. 116 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும், அதற்குப் பதப்படுத்தலுக்கென்றே உள்ள, நீராவி அழுத்தத்தில் சூடேற்றும் பிரஷர் கேனர் என்ற பாத்திரம்தான் தேவை. தக்காளிக்கு எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ சேர்க்கச் சொல்லும் இன்றைய அரசு வழிகாட்டல் அக்காலப் புத்தகங்களில் இருக்காது. மெழுகு ஊற்றி ஜாம் பாட்டிலை மூடும் முறையும் இப்போது கைவிடப்பட்டது. புத்தகத்தை வைத்திருங்கள், பதப்படுத்தும் நேரத்தையும் முறையையும் மட்டும் அமெரிக்க வேளாண் துறையின் இப்போதைய கையேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.