உங்கள் வீட்டின் பணவீக்கம் எத்தனை சதவீதம்?

வரவு செலவு ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் மளிகைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது என் வழக்கம். 2023 ஆகஸ்டில் சென்னை அலுவலகத்துக்கு வந்த ஒரு பெண்மணியிடம் சீட்டு இல்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. கணவர் கட்டட வேலைக்குப் போகிறவர். இவர் இரண்டு வீடுகளில் சமையல் செய்கிறார். நான்கு பேருக்கு மாதச் செலவு 14,000 ரூபாய். ஜூலைப் பக்கத்தைப் புரட்டினேன். ‘தக்காளி கால் கிலோ’ என்ற வரி முதல் வாரத்தில் மூன்று முறை வருகிறது, இரண்டாம் வாரத்தில் ஒரு முறை. அதற்குப் பிறகு தக்காளியைக் காணவில்லை, புளி வந்திருந்தது.

அந்த மாதம் நாட்டின் சில்லறைப் பணவீக்கம், அதாவது முந்தைய ஆண்டு இதே மாதத்தைவிடக் கடை விலைகள் ஏறிய அளவு, 7.44 சதவீதம். உணவுப் பொருள்களை மட்டும் எடுத்தால் 11.51. இந்தப் பெண்மணியின் 14,000இல் 9,000 சாப்பாட்டுக்கே போகிறது. அது 11.5 சதவீதம் ஏறினால் 1,035 ரூபாய். மற்ற எதன் விலையும் ஏறாவிட்டாலும், மொத்தச் செலவில் கிட்டத்தட்ட 7.4 சதவீதம் கூடிவிடும். அதே வாரம் வந்த ஒரு தம்பதி இருவருமே மென்பொருள் நிறுவன ஊழியர்கள். மாதச் செலவு 90,000, சாப்பாட்டுக்கு 18,000. அவர்களுக்குக் கூடுதல் செலவு 2,070 ரூபாய். ரூபாயில் பார்த்தால் இரு மடங்கு. மொத்தச் செலவில் வெறும் 2.3 சதவீதம். அவர்கள் வீட்டுக் குழம்பில் தக்காளி குறையவில்லை.

நாடு முழுவதற்கும் ஒரே எண் வேண்டும் என்பதால், சராசரிக் குடும்பம் எதற்கு எவ்வளவு செலவிடும் என்று புள்ளியியல் துறை ஒரு கூடையை வகுத்துக்கொள்கிறது. 2026 தொடக்கம் வரை பயன்பட்ட, 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட கூடையில் உணவுக்கும் பானங்களுக்கும் கிராமத்தில் 54.18 சதவீத இடம், நகரத்தில் 36.29. நகரக் கூடையில் வீட்டு வசதிக்கு 21.67 சதவீதம் இருந்தது. கிராமக் கூடையில் அதற்கு இடமே இருக்கவில்லை. இத்தனை ஆண்டுத் தொழிலில் அந்தச் சராசரிக் குடும்பம் என் அலுவலகப் படியேறியதில்லை.

இல்லாதவர் வீட்டில் பொருளை வாங்கும் விதமே செலவைக் கூட்டுகிறது. மாதச் சம்பளக்காரர் எண்ணெயை ஐந்து லிட்டர் டின்னாக, தள்ளுபடி நாள் பார்த்து வாங்குகிறார். தினக்கூலிக்காரர் அன்றைய கூலியில் சின்னப் பாக்கெட் வாங்குகிறார். லிட்டர் கணக்கில் பார்த்தால் பெரும்பாலும் அதற்குத்தான் விலை அதிகம். அந்த ஜூலையில் சென்னையில் சில நியாயவிலைக் கடைகளில் தக்காளி கிலோ 60 ரூபாய்க்குக் கிடைத்தது. “காலையில் வரிசை நிற்கிற நேரத்தில் நான் அடுத்த வீட்டு அடுப்படியில் நிற்கிறேன், சார்” என்றார் அந்தப் பெண்மணி. பதில் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

விலை ஏறும்போது கூடவே யாருடைய வருமானம் ஏறுகிறது என்பது அடுத்த கேள்வி. மத்திய அரசு ஊழியருக்கு ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலைப்படி மறுபரிசீலனைக்கு வருகிறது. தொழிலாளர் வைப்பு நிதி வழியாக ஓய்வூதியம் பெறுகிறவருக்கு அகவிலைப்படி என்ற பேச்சே கிடையாது. 2014 செப்டம்பரில் நிர்ணயித்த குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். அப்போது அந்த ஆயிரத்தில் என்னவெல்லாம் வாங்கினோம் என்று நினைத்துப் பாருங்கள்.

விலைவாசி தணிந்தால் எல்லோருக்கும் நிம்மதி என்பதும் முழு உண்மை இல்லை. 2025 அக்டோபரில் பணவீக்கம் 0.25 சதவீதத்துக்கு இறங்கியது. உணவு விலைகள் முந்தைய ஆண்டைவிட ஐந்து சதவீதம் குறைவு. அந்தச் செய்தி வந்த நாளிதழோடு தனியார் ஆலையில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வந்தார். “விலையே ஏறவில்லையாம். எனக்கு மட்டும் ஏன் கையைக் கடிக்கிறது?” வயதான இருவர் என்ன பெரிதாகச் சாப்பிட்டுவிடப் போகிறார்கள்? காய்கறி மலிந்ததால் அவர்களுக்கு மிஞ்சியது சொற்பம். மருந்துக் கடைச் செலவும் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் சம்பளமும் இறங்கவில்லை. இதற்கிடையில், பணவீக்கம் தணிகிறது என்று ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரெப்போ வட்டியை (வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை) 6.5இலிருந்து 5.5 சதவீதமாகக் குறைத்திருந்தது. அவருடைய வைப்புத்தொகை முதிர்ந்து, புதுப்பிக்கும்போது குறைந்த வட்டிதான் கிடைத்தது. வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருந்த மென்பொருள் தம்பதிக்கோ அதே குறைப்பு வரவாயிற்று. 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையே ரெப்போ 4இலிருந்து 6.5க்கு ஏறியபோது தவணைக் காலம் நீண்டுபோனவர்கள் அவர்கள். அந்த வீட்டுக்குள் பணவீக்கம் கடைத்தெரு வழியாக வரவில்லை. வங்கி வழியாக வந்தது.

அதனால் செய்தியில் வரும் சதவீதத்தைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். நீங்கள் அதிகம் செலவிடும் பத்து இனங்களைச் சென்ற ஆண்டு இதே மாதம் என்ன விலைக்கு வாங்கினீர்கள், இப்போது என்ன விலை என்று எழுதுங்கள். அளவையும் எழுதுங்கள், ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டின் எடை வருடா வருடம் அதே அளவில் இருப்பதில்லை. நியாயவிலைக் கடையில் கிலோ 30 ரூபாய்த் துவரம்பருப்பும் லிட்டர் 25 ரூபாய்ப் பாமாயிலும் கிடைத்தும், கௌரவம் பார்த்து வாங்காத நடுத்தர வீடுகளை எனக்குத் தெரியும். பெரியவர்கள் மொத்தப் பணத்தையும் ஒரே தேதியில் முதிரும் ஒரே வைப்பில் போட வேண்டாம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் சேரும் நாளின் வட்டி ஐந்தாண்டுகளுக்கு மாறாது. அன்றாடச் செலவுக்கு மட்டும் நகையை அடகு வைக்காதீர்கள்.

இந்தக் கடைசி வரியை அந்த நோட்டுப் பெண்மணிக்குச் சொல்ல நான் ஒரு மாதம் தாமதம். தோட்டை ஜூலையிலேயே அடகு வைத்திருந்தார். தக்காளி செப்டம்பரிலேயே மலிந்துவிட்டது. அவருடைய நோட்டில் ‘வட்டி 180’ என்ற வரி மட்டும் பொங்கல் வரை மாதம் தவறாமல் வருகிறது.