பத்து சதவீத நிலம் எங்கே போனது?

புறநகரில் மனை வாங்க நினைக்கிறவர்கள் லேஅவுட் வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வரும்போது கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். அப்ரூவல் சரியாக இருக்கிறதா, லோன் கிடைக்குமா, போர் போட்டால் நல்ல தண்ணீர் வருமா. தாங்கள் வாங்கப்போகும் மனையைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருப்பார்கள். அதே தாளில் பச்சை அடித்து 'பூங்கா' என்று எழுதியிருக்கும் துண்டைப் பற்றியோ, 'பொது உபயோகம்' என்று குறித்திருக்கும் மனையைப் பற்றியோ யாரும் கேட்பதில்லை. குடிபோன பிறகு, பிள்ளையைச் சேர்க்கப் பக்கத்தில் அரசுப் பள்ளி இல்லை, ரேஷன் கடைக்கு இரண்டு கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது என்று புலம்புகிறவர்களும் இவர்களேதான். பள்ளி வரவேண்டிய, ரேஷன் கடை வரவேண்டிய நிலம் அந்தப் பச்சைத் துண்டுக்குப் பக்கத்தில்தான் எங்கேயோ இருந்திருக்கும்.

நகரமைப்புத் தொழிலில் இருப்பதால் சொல்கிறேன், ஊர் வளரும்போது பணம் பிற்பாடு வந்துவிடும், ஏதாவது ஒரு திட்டத்தில் கட்டிடத்துக்கு நிதி ஒதுக்கிவிடுவார்கள், ஆளைக்கூடப் போட்டுவிடுவார்கள், ஆனால் ஒரு பகுதி முழுக்க வீடாகிவிட்ட பிறகு அங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்கு அரை ஏக்கர் தேடுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

பழைய சென்னையில் இந்தக் கஷ்டம் ஏன் இவ்வளவு இல்லை என்று பாருங்கள். 1920இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது, அதற்குப் பின்னால் பெரிய ஏரியைத் தூர்த்து தியாகராய நகரை உருவாக்கினார்கள். (ஏரியைத் தூர்த்தது சரியா என்பது வேறு விவாதம்.) நடுவில் பனகல் பூங்காவை வைத்து, அதிலிருந்து சாலைகளைப் பிரித்தார்கள். அப்புறம் வந்தது நகர மேம்பாட்டு அறக்கட்டளை (சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட், சுருக்கமாக சிஐடி), சிஐடி நகர் என்ற பெயரில் இன்றும் இருப்பது அதன் மிச்சம்தான். 1961இல் அதன் இடத்தில் வீட்டுவசதி வாரியம் வந்தது. கே.கே. நகர், அண்ணா நகர் எல்லாம் வாரியத்தின் கைவேலை. மொத்த நிலத்தையும் முதலில் கையில் எடுத்து, சாலை, பள்ளி, பூங்கா, கடைத்தெரு என்று பிரித்து வைத்துவிட்டு மீதியை மனையாக விற்றார்கள்.

இப்போது புறநகர் வளர்வது அப்படி இல்லை. ஒரு வயல் ஒரு லேஅவுட், பக்கத்து வயல் இன்னொரு லேஅவுட். இதன் சாலை அதன் சுவரில் போய் முட்டும். இது போதாதென்று, ஒரே ஊர் மாதிரி இருக்கும் இடம் இரண்டு உள்ளாட்சிகளில் பாதிப் பாதியாகக் கிடக்கும். 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆனபோது 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் சேர்ந்தன என்றால், அதற்கு முன்பு அந்தப் பத்தும் தனித்தனியாகத் தங்கள் எல்லைக்குள் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தன என்றுதானே அர்த்தம்?

சட்டம் சும்மா இருக்கவில்லை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் 2019இல் வந்தன. அதன்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மேம்படுத்தினால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். இதைத்தான் ஓஎஸ்ஆர் நிலம் என்கிறோம். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலமாகக் கொடுக்கலாம், முடியாவிட்டால் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டலாம். 3,000க்குக் கீழே ஒன்றுமில்லை.

இந்த எல்லைக்கோடுகளில்தான் விளையாட்டு நடக்கிறது. மூன்று ஏக்கரை வைத்திருப்பவர் ஒரே லேஅவுட்டாகப் போட்டால் 10 சதவீதம் நிலமாகவே போகும், அதனால் மனைவி பெயரில் ஒன்று, மைத்துனன் பெயரில் ஒன்று என்று பிரித்துத் தனித்தனியாக அனுமதி கேட்பார். கொடுக்கிறவர்களும் எதைக் கொடுக்கிறார்கள்? தண்ணீர் தேங்கும் மூலை, உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே இருக்கும் நீளமான பட்டை, மனையாக வெட்ட முடியாத முக்கோணம். "பூங்காதானே சார், எந்த வடிவத்தில் இருந்தால் என்ன" என்று ஒரு புரமோட்டர் என்னிடம் கேட்டிருக்கிறார். முக்கோணத்தில் பூங்கா வரும், சரி. அங்கன்வாடி வருமா?

இதைவிட எனக்குக் கவலையாக இருப்பது ஏற்கனவே இருக்கிற தெருக்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தெருவில் ஆளுக்கு ஒரு கிரவுண்டாக 40 தனி வீடுகள், வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால் 160 பேர். 2019 விதிகளில் சாதாரணக் கட்டிடத்துக்கான எஃப்எஸ்ஐ, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு, 1.5இலிருந்து 2 ஆனது. 2,400 சதுர அடியான ஒரு கிரவுண்டில் சுமார் 4,800 சதுர அடி கட்டலாம் என்றால் ஐந்து ஃப்ளாட் சுலபமாக வரும். 40 வீடும் ஒவ்வொன்றாக இடிபட்டு ஃப்ளாட்டானால் 200 குடும்பம், 800 பேர். ஒரு கிரவுண்டு சுமார் 223 சதுர மீட்டர், 40 கிரவுண்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 8,900. ஒரே ஆள் கட்டியிருந்தால் பத்தில் ஒரு பங்கு நிலமோ அதற்கான பணமோ கொடுத்தாக வேண்டும். நாற்பது பேர் தனித்தனியாகக் கட்டியதால் ஒரு சதுர அடி கூடக் கிடைக்காது. ஜனம் ஐந்து மடங்காகியிருக்கும், சாலை அதே 30 அடி, குழாய் அதே குழாய், பள்ளி இருந்தால் அதே பள்ளி. எஃப்எஸ்ஐ கூட்டியதைத் தவறு என்று சொல்ல மாட்டேன், ஊர் செங்கல்பட்டு தாண்டிப் பரவிக்கொண்டே போவதைவிட உள்ளே நெருக்கிக் கட்டுவது நல்லதுதான், ஆனால் நெருக்கிக் கட்டுவதோடு சேர்ந்து வரவேண்டிய நிலத்தை யாரும் கேட்கவில்லை. பெரிய கட்டிடங்களிடம் உட்கட்டமைப்புக் கட்டணம் என்று வசூலிக்கிறார்கள், அது மாநில அளவிலான நிதிக்குப் போகிறது, உங்கள் தெருவுக்கே திரும்பி வரும் என்று உறுதி கிடையாது.

அளவுகோல் இல்லாமலும் இல்லை. மத்திய அரசின் 2014 நகர வளர்ச்சி வழிகாட்டுதலில் 5,000 பேருக்கு ஒரு தொடக்கப்பள்ளி, 15,000 பேருக்கு ஒரு மருந்தகம் என்று போகிறது. தேசிய நகர்ப்புற சுகாதாரத் திட்டம் 50,000 பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் என்கிறது. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தானே வகுத்துப் பார்க்க முடியும்? கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்து முடிந்தது 2011இல். 2021 கணக்கெடுப்பு நடக்கவில்லை, அடுத்ததற்குக் குறிப்பு நாள், அதாவது எந்த நாள் நிலவரப்படி தலையை எண்ணுகிறார்களோ அந்த நாள், 2027 மார்ச் 1. இடையில் நாங்கள் வீட்டு மின் இணைப்பு எண்ணிக்கை, சொத்துவரி விதிப்பு, ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊகிக்கிறோம். இதில் மின் இணைப்பைத்தான் நான் அதிகம் நம்புவேன். வாக்காளர் பட்டியலை நம்பினால், ஓட்டைச் சொந்த ஊரிலேயே வைத்துக்கொண்டு இங்கே வாடகைக்கு இருப்பவரும், கட்டிட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் இருக்கும் வெளிமாநிலக் குடும்பமும் கணக்கிலேயே வரமாட்டார்கள். அங்கன்வாடி மிகவும் தேவைப்படுவது அந்தத் தகரக் கொட்டகைக்குத்தான்.

தலைக்கணக்கு கிடைத்தாலும் வயதுக்கணக்கு வேண்டும். ஓஎம்ஆர் பக்கம் புதிதாக எழும் குடியிருப்பில் முதலில் வருவது முப்பது வயதுத் தம்பதிகள். முதல் ஐந்து வருடம் தடுப்பூசி, குழந்தைக் காப்பகம், எல்கேஜி. பன்னிரண்டு வருடம் கழித்து அதே பிள்ளைகள் எல்லோரும் ஒரே சமயத்தில் உயர்நிலைப் பள்ளி வாசலில் நிற்பார்கள். சராசரி அளவுகோல் இந்த அலையைக் காட்டாது.

வீடு முதலில், வசதி பிறகு என்றால் என்ன ஆகும் என்று தெரிய கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் பார்த்தால் போதும். நகரின் நடுவில், ஆற்றங்கரைகளில் இருந்தவர்களைக் கொண்டுபோய் 2000 முதல் கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகளில் குடிவைத்தார்கள், பிறகு பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டிடங்கள். வீட்டுச் சாவி கையில் வந்த நாளிலிருந்தே பிள்ளைக்குப் பள்ளி வேண்டும், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வேண்டும், வேலைக்குப் போக பஸ் வேண்டும். பள்ளியும் பஸ்ஸும் மெதுவாக வந்து சேர்வதற்குள் எத்தனையோ பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டார்கள், பெண்கள் பழைய இடத்தில் செய்துவந்த வீட்டு வேலையை இழந்தார்கள். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30இல் திறந்தபோது பக்கத்தில் புறநகர் ரயில் நிலையம் தயாராக இல்லை, மூட்டையோடு இறங்கியவர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். அது ஊர் முழுக்கத் தெரிந்ததால் பேசப்பட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி, பூங்கா, நூலகம் எல்லோருக்கும் வேண்டும். மயானம், கழிவுநீர் உந்து நிலையம், குப்பை தரம்பிரிக்கும் கூடம், துணை மின்நிலையம், இவையும் வசதிகள்தான், யாரும் தங்கள் தெருவில் இருக்கச் சம்மதிக்க மாட்டார்கள். உந்து நிலையம் பள்ளமான இடத்தில்தான் வரமுடியும், அந்தப் பள்ளத்தைத்தான் புரமோட்டர் பூங்கா என்று எழுதிக் கொடுத்திருப்பார். முதலிலேயே இடம் குறித்து வைத்திருந்தால், வீடு வாங்குகிறவர் தெரிந்தே வாங்குவார். பிறகு கொண்டுவந்தால் போராட்டம், வழக்கு, கழிவுநீர் லாரி.

சரி, ஏற்கனவே குடிவந்துவிட்டவர்கள் என்ன செய்யலாம்? முதலில் உங்கள் லேஅவுட்டின் அனுமதி எண்ணை வைத்து அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலை வாங்குங்கள், விற்பனைக் கையேட்டில் இருக்கும் வண்ணப்படம் எதற்கும் உதவாது. பூங்கா, பொது உபயோக இடங்களின் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் தானப்பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று தெரியும். பட்டாவையும் பாருங்கள். தானப்பத்திரம் பதிவாகியும் பட்டா மட்டும் பழைய சொந்தக்காரர் பெயரிலேயே கிடந்தால், அவருடைய வாரிசுகள் அதை இன்னொரு முறை விற்றுவிட முடியும், விற்றும் இருக்கிறார்கள். எந்த நிலம் எதற்கு என்று நகரம் முழுவதற்கும் குறிக்கும் மாஸ்டர் பிளானில் வண்ணம் அடித்திருக்கிறதே என்று மட்டும் நிம்மதியாக இருக்கக் கூடாது. பொதுத் தேவைக்கு என்று திட்டத்தில் ஒதுக்கிவிட்டு, அறிவிப்பு வந்து மூன்று வருடத்துக்குள் கையகப்படுத்தும் நடவடிக்கை இல்லாவிட்டால், 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38ஆவது பிரிவுப்படி அந்த நிலம் விடுவிக்கப்பட்டதாகிவிடும்.

நீதிமன்றம் இந்த விஷயத்தில் மக்கள் பக்கம் நின்றிருக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்துக் குடியிருப்பவர்கள் போன வழக்கில், அது செல்லாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆஸ்பத்திரியும் நல்ல காரியம்தானே என்ற வாதம் எடுபடவில்லை. வழக்கு வரை போகாமலும் பேச இடம் உண்டு. நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டு கமிட்டி, ஏரியா சபை அமைக்க 2022இல் விதிகள் வந்துவிட்டன. சென்னைப் பெருநகருக்கு 2026 முதல் 2046 வரையிலான மூன்றாவது மாஸ்டர் பிளான் வேலையும் இருக்கிறது. எந்த மாஸ்டர் பிளானாக இருந்தாலும் வரைவை அறிவித்த பிறகு ஆட்சேபணை, யோசனை சொல்லக் குறைந்தது 2 மாதம் தர வேண்டும் என்கிறது சட்டம். அப்போது "எங்கள் பகுதிக்குப் பள்ளி வேண்டும்" என்று மட்டும் எழுதினால் ஆயிரம் மனுவில் ஒன்றாகக் கிடக்கும். இன்ன சர்வே எண், இத்தனை சென்ட், இப்போது இன்னார் பெயரில் இருக்கிறது, அரை கிலோமீட்டர் சுற்றில் இத்தனை வீட்டு மின் இணைப்பு என்று எழுதிக் கொடுங்கள், அதற்குப் பதில் எழுதாமல் மூடி வைப்பது அதிகாரிக்குக் கொஞ்சம் கஷ்டம்.