கன்டெய்னர் எங்கே ஓடும், கோரிக்கை எங்கே போகும்

பழைய மகாபலிபுரம் சாலையிலும் அம்பத்தூரிலும் இயங்கும் நடுத்தர நிறுவனங்கள் தங்கள் மென்பொருளைக் கன்டெய்னர்களுக்கு மாற்ற முடிவெடுத்தவுடன் அவர்கள் மேசைக்கு வந்து சேரும் ஒப்பீட்டு அட்டவணைகளில், குபெர்னெட்டிஸ், டாக்கர் ஸ்வார்ம், நோமட், என்ஜின்எக்ஸ், எச்ஏபிராக்ஸி, இஸ்டியோ ஆகிய பெயர்கள் ஒன்றோடொன்று போட்டியிடுபவைபோல ஒரே வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். உண்மையில் முதல் மூன்றும் அடுத்த மூன்றும் செய்வது வேறு வேறு வேலை. எந்த நிரல் எந்தக் கணினியில் ஓட வேண்டும் என்று முதல் வகை தீர்மானிக்கிறது. வாடிக்கையாளரிடமிருந்து வரும் ஒவ்வொரு கோரிக்கையும் அந்த நிரலின் எந்தப் பிரதிக்குப் போக வேண்டும் என்று இரண்டாம் வகை தீர்மானிக்கிறது. முதல் வகை எடுத்த முடிவு இரண்டாம் வகையின் காதுக்கு எட்டச் சில விநாடிகள் ஆகலாம். இணையத்தளம் கோளாறு காட்டும் நேரங்களில் சில அந்தச் சில விநாடிகளுக்குள்தான் அடங்கியிருக்கின்றன என்பதால், கருவிகளைத் தனித்தனியே எடைபோடுவதைவிட அவை சேரும் இடத்தைப் பார்ப்பதே பயனுள்ளது.

கன்டெய்னர் என்பது தனிக் கணினி அன்று. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் சில வேலிகளைப் போட்டு ஓடவிடும் சாதாரண நிரல்தான். மற்ற நிரல்களும் கோப்புகளும் வலைப்பின்னல் இடைமுகங்களும் கண்ணில் படாமல் மறைப்பது ஒரு வேலி. எவ்வளவு நினைவகம், எவ்வளவு செயலி நேரம் என்று அளந்து கொடுப்பது இன்னொரு வேலி. சிகுரூப் எனப்படும் இந்த இரண்டாவது வசதி 2008 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.6.24 பதிப்பில் கர்னலுக்குள் வந்தது. 2013-இல் வெளிவந்த டாக்கர், இந்த வேலிகளைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நிரலையும் அதற்கு வேண்டிய நூலகங்களையும் ஒரே பொதியாகக் கட்டி எந்தக் கணினிக்கும் அனுப்பும் வழியை எளிதாக்கியது. அளந்து கொடுத்த நினைவகத்தை ஒரு கன்டெய்னர் மீறினால் கர்னலே அதைக் கொன்றுவிடும். பதிவேட்டில் 137 என்ற வெளியேற்ற எண் தெரிந்தால், 128-உடன் கொல்லும் சமிக்ஞையின் எண்ணான 9 கூடியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் நினைவகப் பற்றாக்குறையே காரணமாக இருக்கும்.

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை இணையவழியிலும் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டியல், கூடை, பணம் செலுத்துதல், சரக்கிருப்பு, குறுஞ்செய்தி என ஐந்து சேவைகள். சாதாரண நாள்களில் பட்டியல் சேவைக்கு நான்கு பிரதிகள் போதும். தீபாவளி நெருங்கும் வாரங்களில் மூன்று மடங்கு தேவைப்படும். ஒரே சர்வராக இருந்தால் ஒருவர் உட்கார்ந்து கையால் கவனித்துக்கொள்ளலாம். பத்துச் சர்வர்களில் ஐம்பது கன்டெய்னர்கள் ஓடும்போது, எதில் இடமிருக்கிறது, எது நின்றுபோனது, எதைப் புதுப்பித்தாயிற்று என்பதை மனிதர் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது.

கூகுள் நிறுவனம் தன் தரவு மையங்களுக்காக உருவாக்கிய போர்க் என்ற மேலாண்மை அமைப்பின் அனுபவத்திலிருந்து பிறந்த குபெர்னெட்டிஸ், 2014 ஜூனில் திறமூலமாக அறிவிக்கப்பட்டு, 2015 ஜூலையில் முதல் முழுப் பதிப்பை எட்டியது. இதை வேலை வாங்கும் முறையே வேறு. 'இந்தக் கன்டெய்னரை அந்தச் சர்வரில் தொடங்கு' என்று நாம் ஆணையிடுவதில்லை. 'பட்டியல் சேவைக்கு எப்போதும் நான்கு பிரதிகள் இருக்க வேண்டும்' என்ற விரும்பிய நிலையை எழுதிக் கொடுக்கிறோம். உள்ளே ஓடும் கட்டுப்பாட்டு நிரல்கள், விரும்பிய நிலையையும் நடப்பு நிலையையும் ஓயாமல் ஒப்பிட்டு, வித்தியாசம் தெரியும்போதெல்லாம் அதைச் சரிசெய்கின்றன. பிரதி ஒன்று விழுந்தால் மூன்றுதான் இருக்கிறது என்பது தெரிந்து நான்காவது தானாக எழும்புகிறது. யாரும் இரவில் எழுந்து உட்கார வேண்டியதில்லை.

விரும்பிய நிலை எழுதப்பட்டிருக்கும் இடம் எட்சிடி என்ற தரவுக்களஞ்சியம். அதன் பல பிரதிகளும் ஒரே கருத்தில் இருப்பதற்கு ராஃப்ட் என்ற நெறிமுறை பயன்படுகிறது. பெரும்பான்மை உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டால்தான் எந்த மாற்றமும் பதிவாகும். மூன்று உறுப்பினர்கள் இருந்தால் ஒன்றை இழக்கலாம், ஐந்து இருந்தால் இரண்டை இழக்கலாம். நான்கு இருந்தாலும் ஒன்றைத்தான் இழக்கலாம் என்பதால் இரட்டைப்படையாக வைப்பதில் லாபம் இல்லை. இந்தக் கணக்கு, உறுப்பினர்கள் தனித்தனியாகப் பழுதாவார்கள் என்ற அனுமானத்தில் நிற்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மூன்று உறுப்பினர்களையும் பள்ளிக்கரணையில் ஒரே கட்டடத்தின் தரைத்தளத்தில் வைத்திருப்பவருக்குப் பெரும்பான்மைக் கணக்கு எதற்கும் உதவாது. மேகக்கணியில் ஒரே வட்டாரத்துக்குள் மின்சாரமும் வலைப்பின்னலும் தனித்தனியாக உள்ள மண்டலங்களில் உறுப்பினர்களைப் பிரித்துவைப்பது இதற்காகத்தான்.

பிரதிகளின் எண்ணிக்கையைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியின் கணக்கு எளிது. நான்கு பிரதிகள் ஓடுகின்றன, செயலிப் பயன்பாடு சராசரியாக 50 விழுக்காடு இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறோம், இப்போது 90 விழுக்காடு இருக்கிறது என்றால், நான்கை 90-ஆல் பெருக்கி 50-ஆல் வகுத்தால் 7.2; மேல்நோக்கி முழுமையாக்கினால் எட்டுப் பிரதிகள். இயல்பான அமைப்பில் இந்தக் கணக்கு 15 விநாடிகளுக்கு ஒருமுறை நடக்கிறது. குறைப்பதற்கு மட்டும் ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்க்கிறது. ஆனால் எட்டுப் பிரதிகளுக்குச் சர்வரில் இடம் இல்லையென்றால் புதிய சர்வரையே வாடகைக்கு எடுக்க வேண்டும்; அது எழுந்து, பொதியை இறக்கி, வேலைக்குத் தயாராக நிமிடக்கணக்கில் ஆகும். காலை பத்து மணிக்குத் தள்ளுபடி தொடங்கும் என்று கடையே விளம்பரம் செய்திருக்கும்போது, தானியங்கியை நம்பிக் காத்திருப்பது வீண் துணிச்சல். ஒன்பதரைக்கே பன்னிரண்டு பிரதிகள் என்று எழுதிவிடுவதுதான் சரி.

இனி இரண்டாம் வேலைக்கு வருவோம். பிரதிகள் பிறந்தும் இறந்தும் கொண்டிருப்பதால் அவற்றின் ஐ.பி. முகவரிகள் நிலையில்லாதவை. ஆகவே குபெர்னெட்டிஸ் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு நிலையான மெய்நிகர் முகவரியைத் தருகிறது. பொதுவான அமைப்பில் அந்த முகவரி எந்த வலைப்பின்னல் அட்டைக்கும் சொந்தமானதன்று. அதற்குப் போகும் புதிய இணைப்பு ஒவ்வொன்றையும் கர்னலே இடைமறித்து, உயிரோடிருக்கும் பிரதி ஒன்றின் உண்மை முகவரிக்கு மாற்றி எழுதிவிடுகிறது. இங்கே பங்கிடப்படுவது இணைப்பே தவிர, கோரிக்கை அன்று. பழைய பாணியில் கோரிக்கைக்கு ஒரு இணைப்பு திறந்து மூடும்வரை இதில் வித்தியாசம் தெரியாது. எச்.டி.டி.பி. 2 நெறிமுறையோ ஒரே இணைப்பைத் திறந்துவைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான கோரிக்கைகளை அதன்வழியே அனுப்பும். கூடைச் சேவை அப்படி மூன்று இணைப்புகள் மட்டும் திறந்திருந்தால், பட்டியல் சேவையின் பன்னிரண்டு பிரதிகளில் மூன்றுக்கு மேல் எதற்கும் வேலை போகாது. பிரதிகளை இன்னும் கூட்டினாலும் நிலைமை மாறாது. பணம் செலவாகிறது, வேகம் கூடவில்லை என்ற புகாரின் பின்னால் இது ஒளிந்திருப்பதுண்டு.

கோரிக்கையைப் பிரித்துப் படித்துப் பங்கிட இடைநிலைச் சர்வர் வேண்டும். வில்லி டாரோ 2001-இல் வெளியிட்ட எச்ஏபிராக்ஸி, இகோர் சிசோயேவ் 2004-இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ், லிஃப்ட் நிறுவனம் 2016-இல் திறமூலமாக்கிய என்வாய் ஆகிய மூன்றும் இந்த வேலையைச் செய்கின்றன. முதல் இரண்டும் அமைப்புக் கோப்பைப் படித்து வேலை செய்யும் மரபில் வளர்ந்தவை. பின்னாளில்தான் ஓடும்போதே மாற்றும் வசதிகள் சேர்ந்தன. என்வாய், பிரதிகளின் பட்டியலை இன்னொரு சர்வரிடமிருந்து தொடர்ந்து கேட்டு வாங்கிக்கொள்ளும் வகையில் தொடக்கத்திலிருந்தே அமைக்கப்பட்டது. நிமிடத்துக்கு நிமிடம் முகவரி மாறும் கன்டெய்னர் உலகத்துக்கு அந்த அமைப்பு பொருந்திப்போனது. பத்துச் சர்வர்கள் மாதக்கணக்கில் மாறாமல் நிற்கும் இடத்தில் இந்தச் சிறப்புக்கு மதிப்பில்லை. அங்கே எச்ஏபிராக்ஸியே தாராளமாகப் போதும்.

எந்தப் பிரதிக்கு அனுப்புவது என்பதிலும் ஓர் அழகான கணிதம் உண்டு. முறை வைத்து அனுப்பினால், மெதுவான பிரதியிடமும் அதே அளவு வேலை குவியும். எல்லாப் பிரதிகளிலும் மிகக் குறைந்த சுமை உள்ளதைத் தேடினால், பல இடைநிலைச் சர்வர்கள் ஒரே நேரத்தில் அதே பிரதியைக் கண்டுபிடித்து அதன்மேல் பாயும். எழும்பூர் நிலையத்தில் முன்பதிவுக்குப் போனவர் எல்லா வரிசைகளையும் எண்ணிக்கொண்டிராமல், கண்ணில் பட்ட இரண்டைப் பார்த்துக் குட்டையானதில் நிற்பதுபோல, தற்செயலாக இரண்டு பிரதிகளைத் தேர்ந்து அவற்றில் சுமை குறைந்ததற்கு அனுப்பினாலே, ஒன்றை மட்டும் தற்செயலாகத் தேர்வதைவிட நெரிசல் வியக்கத்தக்க அளவு குறைகிறது என்று 1990-களில் கணித முறையில் நிறுவினார்கள். என்வாயின் 'குறைந்த கோரிக்கை' முறை இயல்பாக இதைத்தான் செய்கிறது. என்ஜின்எக்ஸிலும் இதைத் தேர்ந்துகொள்ளலாம்.

இப்போது இரண்டும் சேரும் இடம். பட்டியல் சேவைக்குப் புதிய பதிப்பு வருகிறது. பழைய பிரதி ஒன்றை நீக்க குபெர்னெட்டிஸ் முடிவெடுக்கிறது. அந்த நொடியில் இரண்டு வேலைகள் ஒன்றுக்கொன்று காத்திராமல் தொடங்குகின்றன. ஒருபக்கம், அந்தப் பிரதிக்கு 'முடித்துக்கொள்' என்ற சமிக்ஞை போகிறது. 30 விநாடிகளுக்குள் அது தானாக முடியாவிட்டால் கொல்லப்படும். மறுபக்கம், அதன் முகவரியைச் சேவையின் பட்டியலிலிருந்து நீக்கும் செய்தி எல்லாச் சர்வர்களுக்கும், எல்லா இடைநிலைகளுக்கும் பரவத் தொடங்குகிறது. முதல் செய்தி முந்திக்கொண்டால், ஒழுங்காக எழுதப்பட்ட நிரல் உடனே கதவை மூடிவிடும். நீக்கச் செய்தி இன்னும் வந்து சேராத இடைநிலைச் சர்வர் மூடிய கதவுக்கே கோரிக்கைகளை அனுப்பும். வாடிக்கையாளரின் திரையில் 502 என்ற பிழை தெரியும். இதற்குப் புழக்கத்தில் உள்ள தீர்வு கொஞ்சம் வேடிக்கையானது: சமிக்ஞை போவதற்கு முன் ஐந்து அல்லது பத்து விநாடி சும்மா இரு என்று ஒரு வரி எழுதிவைப்பார்கள். செய்தி பரவ அந்த நேரம் போதும். அந்த வரி விடுபட்ட கிளஸ்டரில், அதாவது சர்வர் தொகுதியில், எவ்வளவு விலையுயர்ந்த கருவியை நிறுவினாலும் ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் சில பிழைகள் வந்துகொண்டேதான் இருக்கும்.

சர்வரே திடீரென்று அணைந்துபோனால் இடைவெளி இன்னும் பெரிது. பதிப்பைப் பொறுத்து 40 அல்லது 50 விநாடிகள் பதில் வராவிட்டால்தான் அந்தச் சர்வர் தயாராக இல்லை என்று குறிக்கப்பட்டு, அதிலிருந்த பிரதிகளுக்குக் கோரிக்கை போவது நிற்கும். அதற்குப் பிறகும் இயல்பாக ஐந்து நிமிடம் பொறுத்தே வேறு சர்வரில் மாற்றுப் பிரதிகள் எழும்பும். சர்வர் உண்மையில் சாகாமல், வலைப்பின்னல் மட்டும் சற்றுத் துண்டிக்கப்பட்டிருக்கலாம் என்பதற்காகவே இந்தப் பொறுமை. முதல் இடைவெளியை இடைநிலைச் சர்வரால் குறைக்க முடியும்: என்வாயில் விலக்கும் வசதியை இயக்கினால், தொடர்ந்து ஐந்து முறை பிழை தந்த பிரதியை அது தானே 30 விநாடி ஒதுக்கிவைக்கும், மேலிடத்துச் செய்திக்குக் காத்திருக்காது.

தோற்ற கோரிக்கையை மறுபடி அனுப்பும் வசதியைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. வாசலில் நிற்கும் இடைநிலைச் சர்வர், கூடை, சரக்கிருப்பு என்று மூன்று அடுக்குகளிலும் ஒவ்வொன்றும் மூன்று தடவை முயலும் என்று வைத்தால், ஏற்கெனவே திணறும் தரவுத்தளத்தின்மேல் ஒரே சொடுக்கு 27 கோரிக்கைகளாக விழக்கூடும். மறுமுயற்சி ஓர் அடுக்கில் இருந்தால் போதும். பணம் செலுத்தும் சேவையில், ஒரே கட்டணம் இருமுறை எடுக்கப்படாது என்பதை நிரலே உறுதிசெய்யாதவரை, அது இருக்கவே கூடாது.

லிங்கர்டியும், 2017-இல் கூகுள், ஐபிஎம், லிஃப்ட் ஆகியவை அறிவித்த இஸ்டியோவும் ஒவ்வொரு பிரதியின் பக்கத்திலும் ஒரு சிறு இடைநிலையை வைத்து, சேவைகளுக்கு இடையிலான போக்குவரத்து முழுவதையும் மறையாக்கம் செய்கின்றன, அளக்கின்றன, நூற்றில் ஐந்து கோரிக்கைகளை மட்டும் புதிய பதிப்புக்கு அனுப்பிப் பார்க்கின்றன. பிரதி ஒவ்வொன்றுக்கும் கூடுதல் நினைவகம் இதன் விலை. அதைக் குறைக்க, பக்கத்து இடைநிலையே இல்லாத முறை ஒன்று இஸ்டியோவில் 2024 நவம்பரில் முழுப் பயன்பாட்டுக்கு வந்தது. ஐந்து சேவைகளும் மூன்று பொறியாளர்களும் உள்ள கடைக்கு இது தேவையில்லை என்பேன். வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் உள்மறையாக்கத்தை மெய்ப்பித்துக் காட்டும் கட்டாயம் இருந்தால் கணக்கு வேறு.

மேலாண்மைக் கருவிகளில் டாக்கர் ஸ்வார்ம் ஒரு நாளில் கற்றுக்கொள்ளக் கூடியது, ஆனால் பிரதிகளைத் தானாகக் கூட்டும் வசதி அதனுடன் வருவதில்லை. நோமட் ஒரே கோப்பாக நிறுவப்படுவது. கன்டெய்னரில் அடைக்கப்படாத பழைய ஜாவா நிரலையும் ஓட்டும். 2023-இல் அதன் உரிமம் மாறியதால் சட்டப் பிரிவிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. குபெர்னெட்டிஸில் வெளிப்போக்குவரத்தை உள்ளே விடுவதற்குப் பரவலாகப் புழங்கிய இன்கிரஸ் என்ஜின்எக்ஸ் என்ற திட்டத்தின் பராமரிப்பு 2026 மார்ச்சுடன் நிறுத்தப்படும் என்று 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. என்ஜின்எக்ஸ் சர்வரின் பராமரிப்பு இதனால் நிற்பதில்லை என்றாலும், அந்தத் திட்டத்தை வாசலில் வைத்திருப்பவர்கள், அதே வேலைக்காக 2023 அக்டோபரில் முதல் முழுப் பதிப்பு கண்ட கேட்வே ஏபிஐ முறைக்கு மாறத் திட்டமிட வேண்டும்.

எதை வாங்குவதற்கு முன்பும் ஒரு சோதனையைக் கேட்டுப் பெறலாம். விநாடிக்கு நூறு கோரிக்கைகள் தொடர்ந்து வரும்படி செய்துவிட்டு, நடுவே புதிய பதிப்பை ஏற்றி எத்தனை 502 வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பிறகு ஒரு சர்வரின் மின் இணைப்பைப் பிடுங்கி, எத்தனையாவது விநாடியில் பிழைகள் நிற்கின்றன, எத்தனையாவது நிமிடத்தில் மாற்றுப் பிரதி எழுகிறது என்பதை இரண்டு தனி எண்களாக எழுதித் தரச் சொல்லுங்கள்.