பேனிக் அட்டாக்: சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் பேனிக் அட்டாக் எனப்படுவதைத் தமிழில் பெரும்பாலும் ‘பீதித் தாக்குதல்’ என்கிறார்கள். ‘அச்சத் தாக்குதல்’ என்றும் எழுதுகிறார்கள். அனுபவித்தவர்கள் இரண்டையும் சொல்வதில்லை. “படபடப்பு வந்துவிட்டது”, “நெஞ்சை அடைத்துக்கொண்டது”, “உயிர் போய் உயிர் வந்தது” என்றுதான் சொல்கிறார்கள். நல்ல தமிழ்ச் சொல்லைத் தேடுகிறவர் முதலில் காது கொடுக்க வேண்டியது இவர்களுக்குத்தான்.

பொருள் இதுதான்: கண்ணெதிரே ஆபத்து எதுவும் இல்லாதபோதும் உடல் முழுவதும் பொங்கி எழும் கடும் அச்சம். சில நிமிடங்களில் உச்சத்தைத் தொடும். பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தணிந்துவிடும். மனநல மருத்துவர்கள் கையாளும் அமெரிக்கக் கையேடு இதற்கு 13 அறிகுறிகளைச் சொல்லி, அவற்றில் குறைந்தது நான்கு இருந்தால்தான் இந்தப் பெயர் பொருந்தும் என்கிறது. நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், கைகால் நடுங்கும், தொண்டை அடைக்கும், வயிற்றைப் புரட்டும், தலை சுற்றும். சுற்றியுள்ளவை எல்லாம் கனவில் நடப்பதுபோலத் தோன்றும். இவற்றுக்கு மேலாக, ‘இதோ சாகப்போகிறேன்’ அல்லது ‘புத்தி பேதலிக்கப்போகிறது’ என்ற உறுதியான எண்ணம். நள்ளிரவில் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடி, இ.சி.ஜி. எடுத்து, “ஒன்றும் இல்லை, கேஸ்தான்” என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பலருக்கு நேர்ந்தது இதுவே. ஒன்றும் இல்லாமல் இல்லை. இதயத்தில் இல்லை, அவ்வளவுதான்.

ஆங்கிலச் சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. ஆர்க்காடியா என்ற மலைநாட்டில், ஆட்டுக்காலும் கொம்பும் கொண்ட பான் என்னும் தெய்வம் மந்தைகளுக்குக் காவல். நண்பகலில் அது உறங்கும். அந்த நேரத்தில் குழல் ஊத இடையர்கள் அஞ்சினார்கள். ஆளரவமற்ற இடத்தில் மந்தை காரணமின்றி மிரண்டு சிதறினால் அது பானின் வேலை. ‘பானிகோஸ்’ என்றால் பானுக்கு உரியது. அது பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. உச்சிவேளையில் தனியாகப் புளியமரத்தடிக்குப் போகாதே, முனி அடித்துவிடும் என்று கேட்டு வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு இதில் வியப்பு இராது.

பானின் வேலைக்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. கி.மு. 279இல் கிரேக்கத்தின் டெல்பி கோயிலைக் கொள்ளையிட வந்து பின்வாங்கிய, ‘கால்’ (Gaul) எனப்பட்ட ஐரோப்பிய இனத்தாரின் படை இரவில் தங்கியிருந்தது. குதிரைக் குளம்பொலி கேட்பதாக முதலில் சிலருக்குத் தோன்றியது. சற்று நேரத்தில் பாளையம் முழுவதும் ஆயுதம் ஏந்தி, பக்கத்தில் நின்ற தன் ஆளையே கிரேக்கன் என்று எண்ணி வெட்டிக்கொண்டது. காரணமற்ற அச்சம் பானிடமிருந்து வருவது என்கிறார்கள் என இதை எழுதிவைத்த கிரேக்கப் பயண எழுத்தாளர் பாசானியஸ் குறிப்பிடுகிறார். பகைவனே இல்லாத போர். பேனிக் அட்டாக்கில் உடல் செய்வதும் இதைத்தான்.

நோயின் பெயராக இது பிந்தி வந்தது. 1871இல் டா கோஸ்டா என்ற அமெரிக்க மருத்துவர், உள்நாட்டுப் போர் வீரர்கள் பலருக்கு நெஞ்சுவலியும் படபடப்பும் இருந்தும் இதயத்தில் பழுது இல்லாததைக் கண்டு, அதை ‘எரிச்சலுற்ற இதயம்’ என்றார். 1895இல் பிராய்டு இதைப் பதற்ற நோயின் பகுதியாக விவரித்தார். மேலே சொன்ன அமெரிக்கக் கையேட்டில் தனி நோயாக இடம்பிடித்தது 1980இல்தான்.

இனித் தமிழுக்கு வருவோம். அச்சம் பிறக்கும் இடங்களை மெய்ப்பாட்டியலில் எண்ணிச் சொல்கிறது தொல்காப்பியம்: ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.’ தெய்வம், விலங்கு, திருடன், அரசன். ஏ.சி. அறையில் கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்கு வரும் அச்சத்தில் இந்த நான்கில் ஒன்றும் இல்லை. ஆனாலும் உடல் புலியைக் கண்டதுபோலவே நடந்துகொள்கிறது. ஆகவே வெறும் ‘அச்சம்’ போதாது.

‘பீதி’ வடசொல்; ‘பயம்’ பிறந்த அதே வேரிலிருந்து வந்தது. வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. நம் நாளிதழ்கள் அதைக் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டன: சிறுத்தை நடமாட்டத்தால் மக்கள் பீதி, நிலநடுக்க பீதி, பங்குச்சந்தையில் பீதி. தனி ஒருவரின் மார்புக்குள் நடப்பதை அது இனிச் சுட்டாது. ‘பதற்றம்’ நாள்கணக்கில் நீளும் மனநிலைக்குப் பொருந்தும்; பதினைந்து நிமிடப் புயலுக்குப் பொருந்தாது. ‘திகில்’ நல்ல சொல்தான், திரைப்படச் சுவரொட்டிகள் அதை எடுத்துக்கொண்டன. எஞ்சுவது ‘கிலி’. காரணம் சொல்லத் தெரியாத, திடீரென வந்து ஆளை ஆட்டும் அச்சத்துக்குப் பேச்சில் இன்றும் உயிரோடு இருக்கும் சொல் அது.

அடுத்தது ‘தாக்குதல்’. அட்டாக் என்பதை அப்படியே எடுத்து வைத்த சொல் இது. தமிழில் நோய் தாக்குவதைவிட அதிகமாகப் பிடிக்கும்: சளி பிடிக்கும், காய்ச்சல் பிடிக்கும். பிடித்தது விடும். தாக்குதல் என்றால் வெளியே ஒரு பகைவன் இருக்கிறான். எதிர்த்து நிற்க வேண்டும், இல்லையேல் ஓட வேண்டும். இரண்டுமே இந்த நோயில் தவறான வழி. எனவே ‘கிலிப்பிடிப்பு’ என்கிறேன். கெண்டைக்காலில் பிடித்துக்கொள்ளும் தசைப்பிடிப்பும் உயிர் போவதுபோல வலிக்கும். ஆனால் அதனால் சாகப்போகிறோம் என்று யாரும் நினைப்பதில்லை, விடும்வரை காலை நீவிக்கொண்டு பொறுத்திருக்கிறார்கள்.

பிடி விடும்வரை என்ன செய்வது? முதலில் மூச்சு. அருகில் இருப்பவர்கள் “நன்றாக இழுத்து மூச்சு விடு” என்பார்கள். பாதி சரி, பாதி தவறு. கிலியில் ஏற்கெனவே மூச்சு மிகையாகத்தான் ஓடுகிறது. காற்று போதவில்லை என்று தோன்றும். ஆனால் கொரோனா காலத்தில் வாங்கி வைத்த விரல்நுனிக் கருவியை மாட்டிப் பார்த்தால் பெரும்பாலும் 98, 99 என்றுதான் காட்டும். குறைவது ஆக்சிஜன் அல்ல, கரியமில வாயு. அது குறைந்தால் இரத்தத்தின் காரத்தன்மை ஏறுகிறது. உதடு மரத்து, விரல்நுனியில் ஊசி குத்துவதுபோல் இருக்கும். சிலருக்கு விரல்கள் ஒன்றுகூடிக் குவிந்து, பிரிக்க முடியாமல் விறைத்துக்கொள்ளும். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும். அதைப் பார்த்துக் கிலி இன்னும் ஏறும், மூச்சு இன்னும் ஓடும். இந்தச் சுழலை அறுக்கும் இடம் வெளிமூச்சு. மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை, வயிறு எழ, அளவாக இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விட வேண்டும். மூச்சை விடும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும். காகிதப் பைக்குள் மூச்சுவிடும் பழைய வைத்தியம் வேண்டாம்; வந்திருப்பது ஆஸ்துமாவாகவோ மாரடைப்பாகவோ இருந்தால் அது ஆபத்தில் முடியும்.

அடுத்தது கவனம். நெஞ்சுக்குள் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கும் மனத்தை வெளியே இழுக்க வேண்டும். கண்ணில் படும் ஐந்து பொருள்கள், தொடக்கூடிய நான்கு, கேட்கும் மூன்று ஒலிகள், இரண்டு மணங்கள், ஒரு சுவை என்று எண்ணும் முறை பரவலாகச் சொல்லப்படுகிறது. பஸ்ஸில் இருப்பவர் கம்பியின் குளிர்ச்சியைத் தொட்டு, எதிர்க்கடைப் பெயர்ப்பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்தாலும் போதும். முகத்தில் குளிர்ந்த நீரை அடித்துக்கொள்வது பலருக்கு உதவும்.

கடினமானது மூன்றாவது: ஓடாமல் இருப்பது. பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் உடனே நிம்மதி கிடைக்கும். ‘இறங்கியதால்தான் பிழைத்தேன்’ என்று உடல் கற்றுக்கொள்ளும். அடுத்த முறை பஸ் நிறுத்தத்திலேயே படபடப்பு தொடங்கும். பிறகு சந்தை, கோயில் கூட்டம், லிஃப்ட் என்று போகக்கூடாத இடங்களின் பட்டியல் நீளும். ‘இது கிலிப்பிடிப்பு, ஏறும், இறங்கும்’ என்று தனக்குள் சொல்லிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தால் பட்டியல் நீளாது. அருகில் இருப்பவர் செய்யக்கூடியது, கூட்டத்தை விலக்கிவிட்டுத் தணிந்த குரலில் உடன் இருப்பது. “இதற்கெல்லாமா பயப்படுவாய்?” என்று கேட்காமல் இருப்பதும் உதவிதான்.

முதல் முறை வந்தால், வலி தாடைக்கோ இடக்கைக்கோ பரவினால், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவராக இருந்தால் இந்த விளக்கமெல்லாம் பிறகு, முதலில் இ.சி.ஜி. தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும், அதையும் பார்த்துவிட வேண்டும்.

மீண்டும் மீண்டும் வந்து, ‘அடுத்தது எப்போது’ என்ற கவலையே ஒரு மாதத்துக்கு மேல் ஆளை மாற்றிவிட்டால், அதைக் கிலிப்பிடிப்பு நோய் எனலாம். அதற்கு, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் மருந்துகளும் உண்டு. இரண்டும் நன்கு பயன் தருபவை. இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி எண்களில் தமிழிலேயே பேசலாம். கிலி என்பது பேச்சுவழக்காக ஒலிக்கிறது, நூலில் எழுதக் கூச்சமாக இருக்கிறது என்பவர்கள் ‘திகிற்பிடிப்பு’ என்று எழுதிக்கொள்ளட்டும். பிடிப்பை மட்டும் தாக்குதலாக மாற்ற வேண்டாம்.